பீர்க்கம்பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது ஏன்?

கேள்வி: மாடியில் பந்தல் போட்டுப் பரங்கியும் பீர்க்கும் வளர்க்கிறேன். தேனீ அதிகம் வருவதில்லை என்பதால் தினமும் காலை ஆறரை மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன். பரங்கி காய்க்கிறது. பீர்க்கில் மட்டும் பிஞ்சு வந்து, மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. இன்னும் உரம் போட வேண்டுமா? போன வருடம் எங்கள் காயிலிருந்தே எடுத்து வைத்த பீர்க்கு விதையும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, மதுரை

பதில்: உரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யும் வேலை சரியானது, நேரம்தான் தவறு. பரங்கிப் பூ விடியும் முன்பே விரியத் தொடங்கி, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பீர்க்கம்பூ அப்படி இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் விரியத் தொடங்கி, இருட்டும்போதுதான் முழுதாக மலர்ந்து நிற்கும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளை நம்பி மலர்கிற பூ அது. மறுநாள் காலை நீங்கள் போகும்போது பூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மகரந்தத்தின் வீரியம் குறைந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் இதழும் வாடிவிடும். ஒன்றிரண்டு பிடிக்கலாம், மற்றதெல்லாம் உதிரும்.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நேரம் உண்டு. பரங்கி, பாகல், வெள்ளரி, நுரைப்பீர்க்கு ஆகியவை காலையில் மலர்பவை. நாம் சமைக்கிற வரிப்பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் மாலையில் மலர்பவை. சுரைக்கும் புடலைக்கும் வெள்ளைப் பூ இருப்பதும், புடலம்பூவின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து இருட்டிலும் தெரிவதும் இரவுப் பூச்சிகளுக்காகத்தான். பந்தலில் எது இருக்கிறது என்று பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, நீங்கள் 'பிஞ்சு வந்து உதிர்கிறது' என்று எழுதியிருப்பது. உதிர்ந்தது இன்னும் காயாகவே ஆகவில்லை. பீர்க்கு, பரங்கி எல்லாவற்றிலும் பெண் பூவின் அடியில், பூ விரிவதற்கு முன்பே குட்டிக் காய் ஒன்று இருக்கும். அது சூல்பை. உள்ளே, விதையாக மாறப்போகும் சூல்கள் வரிசையாகக் காத்திருக்கும். மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காய். வராவிட்டால் மூன்று, நாலு நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி விழுந்துவிடும். விதை உண்டாகாத சூல்பைக்குச் சத்து அனுப்பிக் கொடி வீணடிக்காது. வளரத் தொடங்கிய விதைகளில் சுரக்கும் ஆக்சின் போன்ற ஹார்மோன்கள்தான் சூல்பையைக் காயாகப் பெருக்க வைக்கின்றன. அதனால் எத்தனை கூடை எரு போட்டாலும் கருவுறாத பிஞ்சு நிற்காது.

எரு கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து அதிகமான கொடி இலையாகவும் ஆண் பூவாகவும் தள்ளும். நீண்ட பகலும் கடும் வெயிலும் அதையேதான் செய்யும். ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் கொடிக்காய் விதைக்கச் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. கொடி பூக்கத் தொடங்கியதும் முதலில் வருவது ஆண் பூக்கள்தான். பெண் பூ சில நாள் கழித்து வரும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

சரி, மாலையில் எப்படிச் செய்வது? பீர்க்கின் கணுவில் நீளமான காம்பு ஒன்றில் ஆண் மொட்டுகள் கொத்தாக இருக்கும், தினம் ஒன்றிரண்டாக விரியும். பெண் பூ அதே கணுவில் தனியாக, அடியில் வரிவரியான பிஞ்சோடு நிற்கும். மாலை ஆறு, ஆறரை மணிக்கு அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி எடுத்து, இதழ்களைப் பின்பக்கமாக மடித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு மகரந்தப்பைகள் தெரியும். விரலால் தொட்டால் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பெண் பூவின் நடுவில் சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்று மடலிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்துச் சூல்கள் மட்டும் நன்றாகக் கருவுற்று, காய் வளைந்தோ ஒரு முனை சூம்பியோ போகும். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத்துகள் வேண்டும். ஒரு பீர்க்கங்காயில் எத்தனை விதை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், கஞ்சத்தனமாகத் தடவக் கூடாது என்பது புரியும்.

தடவிய பிறகு உள்ளே நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். சூல்முடியின் ஈரத்தில் விழுந்த துகள் முளைத்து, மிக மெல்லிய குழல் ஒன்றை விடும். அந்த மகரந்தக்குழல் சூல்தண்டு வழியாக இறங்கிச் சூல்பைக்குள் போய், ஒரு சூலைத் தேடிச் சேரும். அது இரண்டு ஆண் அணுக்களைச் சுமந்து போகிறது. ஒன்று சூலுக்குள் இருக்கும் முட்டையோடு சேர்ந்து கரு ஆகும். மற்றொன்று நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து முளைசூழ்தசையாகும், அதாவது கருவுக்கான சாப்பாடு. இதுதான் இரட்டைக் கருவுறுதல். 1898இல் கீவ் நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்த செர்கெய் நவாஷின் இதைக் கண்டு சொன்னார். மறு ஆண்டே பிரான்சின் லியோன் கினார் தனியாக அதையே கண்டறிந்தார். தேங்காயில் நாம் குடிக்கிற இளநீரும் தின்கிற பருப்பும் முளைசூழ்தசைதான். பீர்க்கிலும் பரங்கியிலும் காய் முற்றுவதற்குள் கரு அதைத் தின்று தீர்த்து, தன் இரண்டு விதையிலைகளில் சேமித்துக்கொள்ளும். பரங்கி விதையை உரித்தால் வருகிற பருப்பு அந்த விதையிலைகள்தான். விதை விஷயத்தில் இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

மகரந்தம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் இரண்டு, மூன்று நாளில் பிஞ்சு பளபளவென்று நீள ஆரம்பிக்கும். அப்படி நீண்ட பிறகும் உதிர்ந்தால் பழ ஈயைச் சந்தேகப்படுங்கள். பிஞ்சின் மேல் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும் அதில் பிசின் வடிந்த தடமும் இருக்கும், பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பிடித்த பிஞ்சுக்கு உடனே காகித உறையோ துணிப்பையோ மாட்டுங்கள். விழுந்ததை மக்கு உரத்தொட்டியில் போடாமல், நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டு அழியுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். மருந்து அடிப்பதில் ஒரு எச்சரிக்கை: 'தேனீ இல்லாத மாலை நேரத்தில் அடி' என்பது பொதுவான அறிவுரை. பீர்க்குக்கும் சுரைக்கும் புடலைக்கும் அது பொருந்தாது, அவற்றின் பூச்சிகள் வருவதே அப்போதுதான். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் மலர்ந்த பூவில் படவேண்டாம்.

இனி விதை. நீங்கள் எடுத்தது சமையலுக்குக் கொஞ்சம் முற்றிப்போன காயிலிருந்து என்றே நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அந்தக் கட்டத்தில் விதை முழு அளவில் இருக்கும், தோல்கூட நிறம் மாறத் தொடங்கியிருக்கும். ஆனால் விதையிலைகள் இன்னும் நிரம்பியிருக்காது. விதைக்கு விடும் பீர்க்கங்காயைக் கொடியிலேயே விட்டுவிட வேண்டும். பச்சை போய்ப் பழுப்பாகி, உள்ளே சதை வற்றிக் கூடாகி, ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த காயின் நுனியில் சின்ன மூடி போன்ற பாகம் கழன்று வரும். தலைகீழாகத் தட்டினால் கறுத்த, சொரசொரப்பான விதைகள் கொட்டும். கூட்டை உடம்பு தேய்க்க வைத்துக்கொள்ளலாம். பரங்கியில் காம்பு காய்ந்த பிறகு பறித்து, மூன்று, நாலு வாரம் அப்படியே வைத்துப் பிறகு விதை எடுங்கள். பறித்த பிறகும் உள்ளே விதை நிறைவது நிற்காது.

எடுத்த விதையைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பொக்கை விதைகளைத் தள்ளிவிடுங்கள். மொட்டை மாடியின் கொதிக்கும் தரையில் காய வைக்காதீர்கள், கரு வெந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக ஒரு வாரம் காயட்டும். பிறகு அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். சாம்பல் ஈரத்தையும் வண்டையும் தடுக்கும்.

வாங்கிய பாக்கெட்டில் 'ஹைபிரிட்' என்று போட்டிருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுப்பதில் பெரிய பயனில்லை. முளைக்கும், ஆனால் செடிக்குச் செடி குணம் மாறும். நாட்டு ரகம் என்றால் தாராளமாக எடுக்கலாம். பக்கத்தில் பாகல் இருந்தால் பரங்கி கசக்குமோ என்ற பயமும் வேண்டாம், அவை இரண்டும் கலக்காது. வேறு வேறு பரங்கி ரகங்கள் ஒன்றோடொன்று கலக்கும், வரிப்பீர்க்கும் நுரைப்பீர்க்கும் ஓரளவு கலக்கும். அப்போதும் இந்த ஆண்டுக் காயின் ருசி மாறாது, விதையில்தான் மாற்றம் இருக்கும். தூய விதை வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின நாளே காகித உறையால் மூடி, விரிந்ததும் தடவி, பெண் பூவை மறுபடி மூடி நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

விதைக்கும்போது பீர்க்கு விதையை ஓர் இரவு மட்டும் ஊற வையுங்கள். அதன் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கும். அதற்கு மேல் ஊறினால் மூச்சு முட்டி அழுகும், விதைக்கும் காற்று வேண்டும். ஓர் அங்குல ஆழத்தில் படுக்கை வாக்கில் வையுங்கள். முதலில் வெளியே வருவது முளைவேர். இந்தக் குடும்பத்து நாற்றில் வேரும் தண்டும் சேருமிடத்தில் சின்னக் கொக்கி போல ஒரு முடிச்சு வளரும். அது விதைத்தோலின் கீழ்ப்பாதியை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, மேலே வளைந்த தண்டு நிமிர்ந்து விதையிலைகளைத் தோலிலிருந்து உருவிக்கொள்ளும். பரங்கி நாற்றில் சார்லஸ் டார்வின் இதை விரிவாகக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒரு விதையைக் கண்ணாடி டம்ளரின் ஓரமாக மண்ணில் வைத்தால் நீங்களும் பார்க்கலாம்.

மேலாக விதைத்தாலோ மேல்மண் காய்ந்துவிட்டாலோ இந்தப் பிடி கிடைக்காது. நாற்று தலையில் தோலோடு எழுந்து, விதையிலைகளை விரிக்க முடியாமல் நிற்கும். உங்கள் செடிப்பையில் அப்படி ஏதாவது தெரிந்தால் பிய்க்காதீர்கள், விதையிலையும் சேர்ந்து கிழியும். காலையும் மாலையும் தோலை நனைத்துவிடுங்கள், இளகித் தானாக விழும். உண்மையான மூன்றாவது இலை வந்ததும் ஒரு பைக்கு ஒரே நாற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை வேரோடு இழுக்காமல் கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.