ஸ்கேன் நார்மல், காது கேட்கவில்லை: உள்காது கேள்வி-பதில்

பெரம்பூர் வாசகி: 14 மாதக் குழந்தைக்கு இரு காதும் கேட்கவில்லை. சி.டி. ஸ்கேனில் ‘உள்காது நார்மல்’ என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம். சி.டி. காட்டுவது எலும்புக் கூட்டை. நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் (ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள்காது உறுப்பு) ஓடு ஒழுங்காக இருந்து, உள்ளே சவ்வோ செல்லோ பழுதாகியிருந்தால் ஸ்கேனில் தெரியாது. பிறவிக் காது கேளாமையில் ஓட்டிலேயே கோளாறு தெரிவது சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான்.

அடிக்கடி அகப்படுவது ஜிஜேபி2 மரபணுக் கோளாறு. ஒலி வரும்போது அதை உணரும் ரோமச் செல்லுக்குள் பொட்டாசியம் பாயும். அதை வாங்கிக் கடத்திவிடுவது பக்கத்துத் துணைச் செல்கள்; அவற்றை இணைக்கும் கனெக்சின் 26 புரதம் இங்கே சரியாக அமைவதில்லை. நரம்பு பெரும்பாலும் நன்றாக இருப்பதால் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து பொருத்தி, நரம்பை நேரே தூண்டும் கருவி) கைகொடுக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயது வரம்பு இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். பேச்சு வர 2 வயதுக்குள் வைப்பதே மேல். வைப்பதற்கு முன் நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். கூடவே ஒரு ஈ.சி.ஜி.: காதிலும் இதயத்திலும் வேலை செய்யும் பொட்டாசியம் கடத்தும் வழி ஒன்று பழுதானால் கியூ.டி. இடைவெளி (ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பின் ஒரு கட்டம் எடுக்கும் நேரம்) நீளும், மயக்க மருந்தின்போது ஆபத்து.

வேளச்சேரி வாசகர்: 5 வயது மகனுக்கு வெஸ்டிபுலர் அக்வடக்ட் (உள்காதிலிருந்து போகும் மெல்லிய எலும்புக் குழாய்) அகலமாம். கீழே விழுந்தால் கேட்பது குறைகிறது.

அந்தக் குழாயின் நடுப்பகுதி 1.5 மி.மீ. தாண்டினால் அகலம் என்பது பழைய கணக்கு. இப்போது 1 மி.மீ.யிலேயே உஷாராகிறார்கள். தலையில் சின்ன அடி பட்டாலும் கேட்கும் திறன் திடீரென இறங்கலாம். கபடி, குத்துச்சண்டை வேண்டாம், சைக்கிளுக்கு ஹெல்மெட். கேட்பது குறைந்துவிட்டதாகத் தெரிந்தால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள், வாரக் கடைசிவரை பார்க்க வேண்டாம். எஸ்எல்சி26ஏ4 மரபணு காரணமானால் பின்னாளில் தைராய்டு வீங்கலாம், அதையும் கவனியுங்கள்.

தாம்பரம் வாசகி: குழந்தைக்கு ஓ.ஏ.இ. (உள்காதிலிருந்து திரும்பி வரும் மெல்லொலியை அளக்கும் சோதனை) பாஸ், பெராவில் (ஒலிக்கு நரம்பிலும் மூளையிலும் எழும் அலையை அளக்கும் சோதனை) அலையே இல்லை. மெஷின் கோளாறா?

அவசியமில்லை. ஓ.ஏ.இ. வெளி ரோமச் செல்களோடு நின்றுவிடும். பழுது உள் ரோமச் செல்லிலோ நரம்பிலோ இருந்தால் இப்படித்தான் வரும். கடும் மஞ்சள் காமாலை நரம்பைக் கெடுக்கலாம்; அது வந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் பார்த்து அனுப்புவது தவறு.

டானிக் கொடுத்தால் ரோமச் செல் வளருமா?

கோழிக்கு வளரும். மனிதக் காக்ளியாவில் போனது போனதுதான்.

சொந்தத்தில் கல்யாணம். அடுத்த குழந்தைக்கும் வருமா?

இருவருமே ஜிஜேபி2 பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.