சீடை வெடித்த சுதந்திர தினம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 41 வயது. நங்கநல்லூரில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். ஒரே மகன், எட்டாம் வகுப்பு. மாமனாருக்கு 82 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாகவில்லை, பேச்சும் கொஞ்சம் குழறுகிறது.

இந்த வருஷம் (2025) ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்து ஞாயிறு. மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வந்தால் விடுவார்களா? கணவரின் நண்பர்கள் நான்கு குடும்பமாகக் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துவிட்டார்கள். வழக்கமாக நாங்களும் போவோம், மாமாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு. இந்தத் தடவை "நான் வரலை" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாமாவோடு நான்கு பேரும் வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

காலையில் கார் நிறுத்துமிடத்தில் கொடியேற்றம். எப்போதும் அசோசியேஷன் செயலாளர்தான் ஏற்றுவார். இந்த முறை மாமாவைக் கூப்பிட்டார்கள். கொடியைப் பூவோடு மடித்துக் கம்பத்தின் உச்சியில் கட்டி வைத்திருந்தார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஜனவரி 26க்கு. இன்னைக்குக் கீழேருந்து மேலே ஏத்தணும்" என்று குழறலோடு சொன்னார். செயலாளர் கொடியை இறக்கி மறுபடி கட்ட, இன்னொரு பத்து நிமிஷம் ஆனது. மாமா இடது கையால் கயிற்றை இழுத்தார், கீழே என் மகன் பிடித்துக்கொண்டான். பாதி வழியில் ஒருமுறை சிக்கி நின்றது, அப்புறம் ஏறிவிட்டது.

பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. டிவியில் செங்கோட்டை நிகழ்ச்சி. காவலாளி பக்கத்துக் கோயில் பொது விருந்துக்குப் போய்விட்டு வந்து வடை நன்றாக இருந்ததென்று எல்லா வீட்டிலும் சொன்னார். மத்தியானம் மூன்றாம் மாடி மாமி மறுநாளைக்குச் சீடை உருட்டக் கூப்பிட்டார். ஆறு பேர் உட்கார்ந்து உருட்டினோம். முதல் ஈட்டிலேயே சீடை படபடவென்று வெடித்து, எல்லாரும் அடுக்களையை விட்டு ஓடினோம். அவ்வளவு சிரித்து எத்தனை மாசமாயிற்று என்று தெரியவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கணவர் மட்டும் ஒட்டவே இல்லை. கார் துடைக்கிறேன் என்று கீழே போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். ராத்திரி நண்பர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "இப்படியே வீட்ல கெடந்தா சீக்கிரம் கிழவன் கிழவி ஆயிடுவோம்" என்றார். திங்கட்கிழமை என் மகன் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் போனதாகப் பொய் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

வெளியே போகப் பிடிக்காமல் போவது மனச்சோர்வின் அறிகுறி என்று எங்கோ படித்தேன். எனக்கும் அப்படித்தானா? அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். அதற்கு மூணாறு என்கிறார். நான் என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி
நங்கநல்லூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனச்சோர்வு. வழக்கமாகப் பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, எதையெடுத்தாலும் அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்முழுக்கத் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் சீடைக்கு ஓடி, சிரித்து, தூங்கியிருக்கிறீர்கள். கொடைக்கானல் வேண்டாம் என்று தோன்றியது மட்டும் நோயல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். நவம்பரிலிருந்து உங்களுக்கென்று எத்தனை நாள் வெளியே போனீர்கள்? மாமனாரின் மாத்திரை, பிசியோதெரபி, குளியல் எல்லாம் யார் பொறுப்பு? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு ஊர் சுற்றுவதே இன்னொரு வேலையாகிவிடும். மூட்டை கட்ட வேண்டும், அவரைக் கொண்டுபோய் விட வேண்டும், திரும்பி வந்து துணி துவைக்க வேண்டும். "வரலை" என்றதில் பாதி இந்த அலுப்பாக இருக்கலாம். அந்த அலுப்பு நாளுக்கு நாள் கூடுகிறதென்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அந்த நாள் ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நெருங்கிய உறவும் இல்லாமல் அந்நியமும் இல்லாத மனிதர்களோடு பேசும் நாட்களில் நமக்கு மனம் லேசாகிறது. சாண்ட்ஸ்ட்ரோம், டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-இல் இதை ஆய்வு செய்து எழுதினார்கள். செயலாளர், காவலாளி, மூன்றாம் மாடி மாமி எல்லாரும் அந்த வகை. அவர்களிடம் நீங்கள் மருமகளாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டியதில்லை. மாமனாருக்கும் அப்படித்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. ஒன்பது மாதமாக நோயாளியாக இருந்தவரை அன்று மறுபடி தலைமையாசிரியர் ஆக்கிவிட்டார்கள். கட்டிய கொடியை இறக்கச் சொன்னாரே, எனக்குக் கடிதத்திலேயே பிடித்த இடம் அதுதான். சொன்னதும் சரியான முறைதான்.

இனி உங்கள் கணவர். அவர் ஒட்டவில்லை என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரிப் படித்தேன். இரண்டு மணி நேரம் துடைக்க ஒரு காரில் என்ன இருக்கிறது? மாமனார் கயிற்றை இடது கையால் இழுத்ததையும் அது பாதியில் சிக்கியதையும் எழுதினீர்கள், அப்போது கணவர் எங்கே நின்றார் என்று எழுதவில்லை. அவருக்கு அது அப்பா. சின்ன வயதில் அந்தக் கை கொடியேற்றுவதை எத்தனை வருஷம் பார்த்திருப்பார்! உங்களுக்கு அமைதியாக இருந்த வீடு, அவருக்கு அப்பா தேய்வதைத் தப்பிக்க வழியில்லாமல் பார்க்கும் இடமாக இருக்கலாம். "கிழவன் ஆயிடுவோம்" என்ற பேச்சை அந்தக் காதோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் தப்பாகவும் இருக்கலாம். வெறுமனே மலைக்காற்றுக்கு ஆசைப்படுகிறவராகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். "வரலை" என்று நீங்கள் முடிவைத்தான் சொன்னீர்கள், பேசவில்லை. அவர் வாயே திறக்காமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்தக் கணக்குத்தான் போட்டோ பார்த்த ராத்திரி வெளியே வந்தது.

மகனின் பொய்யைப் பெரிதாக்க வேண்டாம். பதின்மூன்று வயதில் "எங்கடா போனே?" என்று கேட்கும்போது "வீட்ல இருந்தேன்" என்பதற்குத் தைரியம் வேண்டும். திட்டாமல், எண்ணெய்ச் சட்டியில் சீடை வெடித்த கதையை அவன் நண்பர்களிடம் சொன்னானா என்று மட்டும் கேளுங்கள். கொடைக்கானலில் அது கிடைக்காது.

அக்டோபர் விஷயத்துக்கு வருகிறேன். மூணாறா வீடா என்று ஆரம்பித்தால் யாராவது ஒருவர் தோற்க வேண்டும். ஒரு சாயங்காலம் மாமனார் தூங்கிய பிறகு இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போங்கள். "அன்னைக்குக் கீழே என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேளுங்கள். குத்திக்காட்டும் தொனி வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, உங்கள் அலுப்பையும் சொல்லுங்கள். அதன்பிறகு அவர் மகனை மட்டும் அழைத்துக்கொண்டு நண்பர்களோடு போனாலும் சரி, நீங்களும் போய் நாத்தனார் இங்கே வந்து தங்கினாலும் சரி, இல்லை ஆயுத பூஜைக்கு அந்தக் காருக்கே பொட்டு வைத்துவிட்டு மகாபலிபுரம் வரை ஒரு நாள் போய்வந்தாலும் சரி. குடும்பமே சேர்ந்துதான் போக வேண்டும், சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? ஒன்று மட்டும், எதைச் செய்தாலும் மாமனாரை எங்கே விடுவது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவருக்குப் பேச்சுத்தான் குழறுகிறது.

பின்குறிப்பு: மாவில் கட்டியோ குருணையோ இருந்தால் சீடை வெடிக்கும். என் அம்மா மாவை இரண்டு முறை சலித்து, ரொம்ப அழுத்தாமல் உருட்டி, துணியில் கொஞ்ச நேரம் உலரவிட்டுத்தான் எண்ணெயில் போடுவார். மாமியிடம் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.