முதலில் தண்ணீர், அப்புறம் மற்றதெல்லாம்

கேள்வி: என் 9 வயது மகள் டிவியில் டிரையத்லான் பார்த்ததிலிருந்து தானும் கலந்துகொள்வேன் என்று நச்சரிக்கிறாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து என்றால் கேட்கும் எனக்கே மூச்சு முட்டுகிறது. எனக்கும் கணவருக்கும் விளையாட்டென்றால் காத தூரம். அவளை அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். டிவியில் அவள் பார்த்தது பெரியவர்கள் போட்டி. ஒலிம்பிக் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். சிறுவர்களுக்கு வயதைப் பார்த்து இதை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள், பல இடங்களில் நீச்சலைக் குளத்திலேயே முடித்துவிடுவார்கள்.

நான் கண்டிப்பு காட்டுவது நீச்சலில் மட்டும்தான். சைக்கிளில் களைத்தால் இறங்கித் தள்ளலாம், ஓட முடியாவிட்டால் நடக்கலாம், தண்ணீரில் அப்படி நின்றுகொள்ள முடியாது. முறையாகக் கற்றுத்தரும் பயிற்சியாளரிடம் சேருங்கள். போட்டித் தூரத்தைப் போல இரண்டு மடங்கைப் பதற்றமில்லாமல் நீந்துகிறாள், நடுவில் மல்லாந்து மிதந்து ஓய்வெடுக்கவும் தெரிகிறது என்றால் பெயர் கொடுங்கள். அதுவரை அவசரம் வேண்டாம், அவள் எவ்வளவு நச்சரித்தாலும் சரி.

சைக்கிள் புதிதாக வாங்க ஓடாதீர்கள். இருப்பதே போதும், பிரேக் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் திணறுவது பெரும்பாலும் நடுவில், ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தில்தான். டிரான்சிஷன் என்பார்கள். ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது, பாதி வழியில் சுருண்டு நிற்கும். ஈர விரலில் ஹெல்மெட் கொக்கி வழுக்கும், அதை மாட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் விதிமீறல். வரிசையாக நிற்கும் சைக்கிள்களில் தன்னுடையது எது என்றும் தெரியாமல் முழிப்பார்கள், அதற்குப் பளிச்சென்ற துண்டு ஒன்றைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். பெற்றோரைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இதையெல்லாம் வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் கையையும் காலையும் நனைத்துவிட்டு, ஹெல்மெட், ஷூ என்று மாட்டச் சொல்லுங்கள். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டுவிட்டால் முடிச்சுப் போடும் தொல்லையே இல்லை. முதல் நாள் அழுவாள், நாலாம் நாள் உங்களுக்கே சொல்லித்தருவாள்.

இன்னொன்று, சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது கால் இரண்டும் யாருடையதோ போலக் கனக்கும். பெரிய வீரர்களுக்கும் அப்படித்தான். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்படமாட்டாள், சில நாட்கள் சைக்கிள் மிதித்த கையோடு கொஞ்சம் ஓடிப் பார்க்கட்டும்.

நீங்கள் இருவரும் ஸ்டாப்வாட்சோடு ஓரமாக நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தாமல் இருந்தாலே பாதிப் புண்ணியம். மீதிப் பாதிக்கு, சில இடங்களில் மூன்று பேர் ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டுக்கொள்ளும் ரிலேயும் நடக்கிறது, அதில் குடும்பமாகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். அவள் நீந்தட்டும், அவர் சைக்கிள் மிதிக்கட்டும். ஓட்டம் உங்களுக்கு. ஷூ இருக்கிறதா?