கர்ப்பமானதும் சிகரெட்டை விடும் பெண்கள், குழந்தை பிறந்த பிறகு மறுபடி தொடங்குவது ஏன்? நம் ஊர் அம்மாக்களிடமும் இது உண்டா?

சிகரெட் என்றால் எங்கள் பக்கம் அபூர்வம். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் 2 சதவீதம்தான். புகையில்லாப் புகையிலை போடும் பெண்கள் 12.8 சதவீதம். எங்கள் அம்மா இரண்டாவது கணக்கு. மன்னார்குடிப் பக்கம் நடவு ஆள். இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, ஒரு துண்டு வேதாரண்யத்துப் போயிலை.

நீங்கள் கேட்ட கதைதான் அம்மாவுக்கும், மூன்று பிரசவத்திலும். மசக்கையில் போயிலை வாடையே குமட்டும், தானாக விட்டுவிடுவாள். பிள்ளை பெற்றதும், செரிக்கட்டும், பால் ஊறட்டும் என்று பெரியவர்களே வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள். அதில் போயிலை இருக்காது. ஆனால் வாய்க்குப் பழைய நினைப்பு வந்துவிடுமே.

தங்கை பிறந்தது சித்திரையில். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியபோது அவளுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாய்க்கால் கரைப் புங்க மரத்தில் தூளி கட்டிவிட்டு அம்மா சேற்றில் இறங்கினாள். நடவு ஆட்கள் முதுகை நிமிர்த்துவது வெற்றிலை போடும் நேரத்தில் மட்டும்தான். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு கிள்ளு நீட்டி, "போட்டுக்கடி, இடுப்பு வலி தெரியாது" என்றார். தூளி ஆட்டிக்கொண்டே நான் பார்த்தேன். அவ்வளவுதான், பழையபடி ஆகிவிட்டது.

மேல்நாடுகளில் அம்மாக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலும் இதே போக்குதான். கர்ப்பத்தில் விட்டவர்களில் நிறையப் பேர் ஓராண்டுக்குள் திரும்புகிறார்கள். வீட்டில் புகைக்கும் கணவன், தூக்கமில்லாத இரவு, மன அழுத்தம் எல்லாம் காரணம். விட்டது வயிற்றுப் பிள்ளைக்காக. பிள்ளை வெளியே வந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

மெல்லுவதில் புகை இல்லையே என்று நினைக்காதீர்கள். நிகோடின் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும், தாய்ப்பாலிலும் இறங்கும். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

அம்மாவுக்கு அறுபது வயதில் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு வந்தது. பல் டாக்டர் போயிலையோடு பாக்கையும் விடச் சொன்னார். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போயிலையை அன்றே விட்டாள், பயம். பாக்குக்குத்தான் இன்னும் எங்களுக்குள் சண்டை. போன வாரம் சுருக்குப் பையைத் துழாவினேன்: கிராம்புக்கு அடியில் நாலு சீவல்.