முள்வேலிக்குள் ஒரு கோர்ட் மார்ஷல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஹார்ட்ஸ் வார்' (2002) பார்த்தேன். ஜெர்மன் சிறைமுகாமில் வெள்ளை சார்ஜென்ட் ஒருவன் கொலையாகிறான். கறுப்பின விமானி லெப்டினன்ட் ஸ்காட்டை அமெரிக்கக் கைதிகளே கூடி விசாரிக்கிறார்கள். கைதிகளுக்கு அந்த அதிகாரம் உண்டா? நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

அதிகாரம் கிடையாது. அன்றைய அமெரிக்க ராணுவச் சட்டப்படி, மரண தண்டனை விதிக்கக்கூடிய கோர்ட் மார்ஷலை (ராணுவ நீதிமன்றத்தை) கூட்டுபவர் டிவிஷன், தனி பிரிகேட் போன்ற பெரிய படைப்பிரிவின் தளபதியாக இருக்க வேண்டும். அல்லது ஜனாதிபதி தனியாக அதிகாரம் தந்திருக்க வேண்டும். முகாமில் இருக்கும் அமெரிக்கக் கைதிகளில் மூத்தவர் என்பதற்காக கர்னல் மக்நமாராவுக்கு அது வந்துவிடாது. அவரோ தானே கோர்ட்டைக் கூட்டி, தானே தலைமையிலும் உட்கார்ந்துகொள்கிறார்! குறைந்தது 5 உறுப்பினர்கள் வேண்டும், மரண தண்டனைக்கு அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். அதன்பிறகும் கோப்பு மேலே போகும். படத்தின் கதை நடக்கிற அதே 1944 டிசம்பரில், ஓடிப்போன சிப்பாய் எடி ஸ்லோவிக்கின் தண்டனையை உறுதிசெய்தது ஐரோப்பாவில் நேசப்படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர். முள்வேலிக்குள் இருப்பவர்கள் கோப்பை யாருக்கு அனுப்புவது?

(படம் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) மக்நமாராவுக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, கைதிகள் ரகசியமாகத் தோண்டும் சுரங்கத்திலிருந்து ஜெர்மானியரின் கவனத்தைத் திருப்ப ஒரு நாடகம். அதனால் சட்ட ஓட்டையைக் கதையின் குறையாக நான் எண்ணவில்லை.

ஸ்காட்டின் சக கறுப்பின விமானி ஆர்ச்சரை ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற விஷயம் வேறு. 1929 ஜெனீவா உடன்படிக்கைப்படி கைதியை விசாரிக்கும் உரிமை பிடித்துவைத்த நாட்டுக்கு உண்டு. ஆனால் 3 வாரம் முன்பே பாதுகாப்பு நாட்டுக்கு (கைதிகளின் நலனைக் கவனிக்கும் நடுநிலை நாடு), அமெரிக்கர் விஷயத்தில் சுவிட்சர்லாந்துக்கு, தகவல் தர வேண்டும். மரண தண்டனை என்றால் மேலும் 3 மாதம் பொறுக்க வேண்டும். படுக்கையில் ஆயுதமாகக்கூடிய ஒரு கூடார முளை கிடந்தது என்று அவரைச் சுட்டது அப்பட்டமான மீறல்.

நிஜத்தில் நடந்தது இதைவிட விபரீதம். 1945 மே 13, ஜெர்மனி சரணடைந்து ஐந்தாம் நாள். ஆம்ஸ்டர்டாமில் கனடா படையின் காவலில் இருந்த ஜெர்மன் அதிகாரிகள், கைவிடப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலையில் கோர்ட் கூட்டி, தங்கள் கடற்படையை விட்டு ஓடியிருந்த புரூனோ டோர்ஃபர், ரைனர் பெக் இருவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். தோற்ற படையின் கைதிகள் கையில் துப்பாக்கி ஏது என்பீர்கள். கனடாக்காரர்கள்தான் கொடுத்தார்கள். அன்றே சுட்டுவிட்டார்கள். இத்தாலிய இயக்குநர் ஜூலியானோ மொந்தால்டோ 1970-ல் இதை வைத்து ஒரு படம் எடுத்தார். கிடைத்தால் பாருங்கள்.