மச்சானின் முத்திரை

கேள்வி: சுபாங்கில் விமான இறக்கைப் பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். ஒரு பாகத்துக்கு 9 நாள் ஆனது. 6 நாளில் முடிக்கச் சொல்கிறார்கள். நல்லவேளை, ஆய்வாளர் என் மனைவியின் தம்பி, சரிபார்த்ததற்கு அவர் குத்தும் முத்திரைக்குக் காத்திருப்பதே இல்லை. ஆனாலும் 7 நாளுக்குக் கீழே இறங்கவில்லை. தினமும் ஓவர்டைம், வீட்டில் சண்டை. என்ன செய்வது?
- செந்தூல் வாசகர்

பதில்: ஓவர்டைமும் சண்டையும் இருக்கட்டும். ‘நல்லவேளை’ என்று நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே தம்பி, அதற்கு வாருங்கள். மச்சான் பார்த்துவிட்டுக் குத்துகிறாரா, பார்க்காமலே குத்துகிறாரா? பார்த்துக் குத்தினால் மற்ற ஆய்வாளருக்கு ஆகிற நேரம் அவருக்கும் ஆகுமே. நீங்கள் குறைத்த 2 நாளில் உழைப்பு எவ்வளவு, மச்சான் எவ்வளவு?

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 கிளம்பிய சில நிமிடங்களில், கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. தொழிற்சாலையில் ரிவெட் ஆணிகளைச் சரிசெய்ய அதைத் திறந்தவர்கள் 4 போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. திறந்ததற்குப் பதிவே இல்லை, அதனால் யாரும் சோதிக்கவும் இல்லை. உள்ளே 177 பேர். எல்லோரும் பிழைத்தார்கள் என்பதால் உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிய வேண்டாம்.

நேரத்தை ஆய்வில் திருடாமல் காத்திருப்பில் தேடுங்கள். துளை போடும் பிட்டுக்கு அலைவது, போல்ட், ரிவெட் போன்ற ஃபாஸ்ட்னர் வராமல் கைகட்டி நிற்பது, கிரேனுக்கு வரிசை என்று யார் எங்கே நின்றார்கள் என ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஒரு வேலைக்கு வேண்டியதை எல்லாம் எண்ணி ஒரே தட்டில் வைத்து, ஷிஃப்ட் தொடங்குமுன் லைனுக்கு வரவழையுங்கள். தட்டில் ஒன்று மிஞ்சினால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரியும். இடுக்கை அடைக்கும் சீலண்ட் பசை, மேலாளர் அதட்டினால் காயாது. அது காயும் நேரத்தில் ஆட்களை அடுத்த பாகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வாளரிடம் முந்தின நாளே நேரம் சொல்லிவையுங்கள். முடிக்காத வேலையை அடுத்த நிலையத்துக்குத் தள்ளவே தள்ளாதீர்கள். மூடிய இடத்தில் கையை விட்டு அதைச் செய்ய இன்னும் நேரமாகும்.

இப்போது குடும்பம். அக்கா வீட்டுக்காரர் என்றால் பாதி அப்பா. நீங்கள் கேட்டால் அந்தப் பையன் எப்படி மாட்டேன் என்பான்? பெண் கொடுத்த வீட்டில் கிடைத்த மரியாதையை வைத்து அவன் பிழைப்பையே பணயம் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அவன் பார்க்காமல் குத்திய பாகங்களின் எண்களை எல்லாம் எழுதுங்கள். இன்றிரவு மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள், வேறு வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது. நாளைக் காலை தரப் பிரிவு மேலாளரிடம் போங்கள். இருவருக்கும் வேலை போகலாம், தெரிந்துதான் சொல்கிறேன். மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கேட்டது நீங்கள்தான் என்பதை முதலில் நீங்களே சொல்லுங்கள்.