கயாக் மூடியில் கசிவு: பட்டையை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

உங்கள் கயாக்கில் (ஒடுங்கிய துடுப்புப் படகு) முன்பக்கச் சாமான் அறை மூடியின் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகுகிறது என்கிறீர்கள். இன்னும் இறுக்காதீர்கள், 4 மி.மீ. பிளைவுட் மூடி நடுவில் அமுங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். மூடி உட்காரும் விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தடவி ஒருதரம் மூடித் திறங்கள், கேஸ்கட்டில் (மூடியின் அடியில் ஒட்டிய கசிவுத்தடுப்புப் பட்டை) தூள் ஒட்டாத இடம்தான் தண்ணீர் புகும் வழி. அதற்கு நேரே விளிம்பில், எபாக்ஸியில் (இரண்டைக் கலந்து பூசும் பசை) மரத்தூள் குழைத்து மேடாக்கி, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். மூடியின் அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று ஒட்டினால் வளையாது. கேஸ்கட் என்ன போட்டீர்கள்? சாதாரண ஸ்பாஞ்ச் என்றால் பிடுங்கி எறியுங்கள், அது தண்ணீரைக் குடிக்கும். நீர் உறிஞ்சாத நியோப்ரீன் நுரைப்பட்டை வாங்குங்கள். அப்புறம், வெயிலில் கிடந்த படகைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, நல்ல மூடி வழியாகக்கூடத் தண்ணீரை இழுக்கும். சாமான் அறையையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்புப் பலகையில், மேல்பக்கமாக, 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்றழுத்தம் சமமாகிவிடும், சரி.